பென்ஸுக்குள் லொறி இஞ்சின்

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கடை முதலாளியும் அவருடைய டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய சொந்தக்காரர் கட்டிய இன்சூரன்ஸ் முடிந்துபோனதால், புதிதாக வாங்கிய கார் கொட்டகையில் நிற்கிறதாம்; இன்சூரன்ஸ் கட்டத்தான் ஹட்டன் ஆபீசுக்குப் போகிறார்கள்.

"பென்ஸ் வச்சிருக்கிறவன் பஸ்ல போறேன். சிரிக்காத ராசு."

"சிரிக்கலீங்க, மொதலாளி."

"பழைய மொரிஸ் மைனருக்குக் கட்டினதுல மூணு மடங்கு கேக்குறாங்களே, ஏன்?"

"அது இன்சூரன்ஸ்ல கீழ் குரூப்புங்க. பென்ஸ் மேல் குரூப்பு. ஒரு லைட்டு ஒடஞ்சாலும் சாமான் கெடைக்காது, கெடச்சா யான வெல."

"உள்ள இருக்கிறது லொறி இஞ்சின்தானே? அதச் சொல்லிக் கொறைக்கச் சொல்லுவோம்."

"சொல்லலாங்க. ஆனா பொண்ணுக்கு ஒரிஜினல் பென்ஸ் தாரேன்னு நிச்சயதார்த்தத்துல சொல்லிட்டீங்களே."

"ஆபீசுல சொல்றது மாப்பிள்ள வீட்டுக்கு எப்புடிடா தெரியும்?"

"கவுண்டர்ல இருக்கிறது மாப்பிள்ளையோட அண்ணன்தாங்க."

பஸ் கொட்டகலையைத் தாண்டியது.

"சரி, மேல் குரூப்பே கட்டிருவோம். ஒரிஜினல்னே எழுது."

அந்த இன்சூரன்ஸ் படிவத்தை, அதே மாதிரி ஓர் ஆபீசில் இருந்த என் வேலைக்காலத்தில் எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். இஞ்சின் நம்பருக்கென்றே தனி வரி உண்டு; அதை வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல் யாரும் முத்திரை குத்தமாட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

டிரைவருக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது.

"இஞ்சின் நம்பர் கேப்பாங்களே, மொதலாளி. நம்மகிட்ட இருக்கிறது லொறியோட நம்பராச்சே."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஹட்டனுக்கு இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"வந்துட்டோமுங்க."