திறந்தாச்சா, நோல்டி?

என் மனைவி மெய்ஸ்கே வைக்கிற பூசணிக்காய்க் கஞ்சிக்கு எங்கள் தீவில் ஈடு கிடையாது, ஐயா. கருவாட்டைச் சுட்டு, மிளகாயும் தக்காளியும் இடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அன்று காலையும் அதைத்தான் சாப்பிட்டேன். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

படகோட்டி யோப்பியைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். பாவம், அவரை விட்டுவிடுங்கள். காற்று உருளைகளைப் படகில் ஏற்றியதோடு அவர் வேலை முடிந்தது. என் மனைவியின் உருளையை அவர் திறந்ததும் இல்லை, மூடியதும் இல்லை. அது என் வேலை.

நானும் மெய்ஸ்கேயும் ஒரே கடையில் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலில் முக்குளிப்பது, கற்றுக்கொடுத்தோம். கல்யாணத்துக்கு முன்பு, அலை தூக்கிப்போட்டதில் படகின் ஏணி மோதி அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. அதிலிருந்து அந்தக் கை முதுகுக்குப் பின்னால் எட்டாது. உருளையை முதுகில் மாட்டினால் வால்வு அந்தப் பக்கம்தான் வரும். ஆகவே நான் திறந்துவிட ஆரம்பித்தேன். குதிக்கும் முன் "திறந்தாச்சா, நோல்டி?" என்பாள். "திறந்தாச்சு" என்பேன். என் காதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் குதிப்பாள். முறைப்படி அவளே வாய்க்குழாயில் மூச்சை இழுத்து, காற்றுமானியின் முள் நிலையாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். மாணவர்களை அப்படித்தான் விரட்டுவாள். தனக்கு மட்டும் பார்க்கமாட்டாள். "முள்ளப் பாக்கிற வேலை மிச்சம்னுதானே இவனைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். படகே சிரிக்கும். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

மாலத்தீவு வேலைக்கு இருவரும்தான் மனுப் போட்டோம். கணினியில் முகம் பார்த்துப் பேசினார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். மெய்ஸ்கேயின் கணவன் என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளிடமும் அதையே கேட்டார்கள். உலை கொதித்து வழிகிற வரை பேசினாள். அதில் என் பெயர் வந்ததா என்று நான் காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

அவளுக்கு மட்டும் வேலை கிடைத்தது. "ஆறு மாசம் பொறுத்துக்கடா. உன்னையும் இழுத்துக்கிறேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

வழியனுப்பு ஜெபத்துக்குத் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது. போதகர் அவளுக்காக உருக்கமாக மன்றாடினார். ஜெபம் முடிந்து சாப்பிடும்போது யோப்பி என் தோளைத் தட்டினார். "ஏம்ப்பா நோல்டி, ஊர்ல புருஷன் வெளிநாடு போவான், பொண்டாட்டி நின்னு அழுவா. உன் வீட்ல தலைகீழா இருக்கே. நல்ல கைக்குட்டையா வாங்கி வெச்சுக்கோ!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்காக யோப்பிமேல் எனக்குக் கோபம் இல்லை.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். "அங்க உனக்கு யாரு வால்வு திறந்துவிடுவா?"

"மாட்டிக்கிறதுக்கு முன்னாடி, உருளை தரையில நிக்கிறப்பவே இடது கையால நானே திறந்துக்குவேன்."

"உன்னால முடியுமா?"

"எப்பவுமே முடியும்டா, மக்கு. நீ ஆசையா செய்றியேன்னு விட்டுவெச்சேன்."

சொல்லிவிட்டு என் காதை இழுத்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. எனக்கு நெஞ்சு வெடித்துப்போயிற்று, ஐயா. ஆனாலும் மீதிப் பாத்திரத்தைக் கழுவி முடித்தேன்.

மாலத்தீவுக்குக் கிளம்புமுன் கடைசியாக நாங்கள் இருவர் மட்டும் கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைச் சுவரில் இறங்கவேண்டும் என்றாள். படகில் அவள் வால்வை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்துவைத்தேன். மேலே இருக்கும்வரை மூச்சு நன்றாகவே வரும். ஆழத்துக்குப் போனால்தான் ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கி இழுக்கவேண்டியிருக்கும். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். என்னிடம் இன்னொரு வாய்க்குழாய் இருந்தது. அவள் என்னிடம் வருவாள், என் காற்றைச் சுவாசிப்பாள், கைகோத்து மேலே வருவோம், படகில் என் மடியில் விழுந்து, "நான் போகல" என்பாள். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

தோள் விஷயத்தை மாலத்தீவுக்காரர்களிடம் சொல்லியிருந்தால் வேலையே போயிருக்குமே என்பீர்கள். அது துரோகம் அல்லவா? கட்டினவளைக் காட்டிக்கொடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

"திறந்தாச்சா, நோல்டி?" என்றாள். "திறந்தாச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. கொஞ்சம் திறந்துதான் இருந்தது.

கீழே அவள் திணறத் தொடங்கியதும் நான் நினைத்தபடியே என்னிடம் வந்தாள். கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காற்று இல்லை என்று காட்டினாள். என் குழாயை நீட்டினேன். அவள் கையும் நீண்டது. அப்போது என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் பதற்றம் இல்லை. காரணம் தெரிந்தவன் ஏன் பதறவேண்டும்?

கையை இழுத்துக்கொண்டாள். என்னை உதைத்துத் தள்ளிவிட்டு விருட்டென்று மேலே போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் போனால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் அவள். என்னிடமிருந்து ஒரு மூச்சு வாங்கியிருக்கலாம். அடிப்பாவி, ஒரே ஒரு மூச்சு.

நான் மேலே வந்தபோது குப்புற மிதந்தாள். உருளை முழுக்கக் காற்று, வால்வும் முழுக்கத் திறந்திருக்கிறது, பிறகு எப்படி மூச்சு முட்டியது என்று உங்கள் ஆட்கள் குழம்புகிறார்களாம். யோப்பி நீந்தி வருவதற்குள் நான்தான் திறந்துவிட்டேன். முகத்தைத் திருப்பி வாயில் ஊதியிருக்கவேண்டும், தெரியும். ஆனால் முதலில் என் கை வால்வுக்குத்தான் போயிற்று. அவளுக்குக் கை எட்டாது, ஐயா. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் திறந்துவிடுவார்கள்?