சக்கையில் சுட்ட மஃபின்

சக்கையில் மஃபின் சுட்டால் மண்ணாக உதிரும் என்று பலர் சொல்வார்கள், ஐயா. பக்குவம் தெரியாதவர்கள் சுட்டால்தான் உதிரும்.

நான் பதினோரு வருஷமாகப் பழச்சாறு கடையில் வேலை பார்க்கிறேன். கேரட், ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் மெஷினுக்குள் போகும். சாறு வாடிக்கையாளருக்கு, சக்கை வாளிக்கு. அந்த வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவோடு சேர்த்து மஃபினும் ரொட்டியும் சுடுவேன். எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. அம்மா, தம்பி, தம்பி மனைவி, நான், நான்கு பேரும் ஒரே வீடு. சின்ன வயதிலிருந்தே தம்பிக்குச் சாறு, எனக்குச் சக்கை. குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சக்கை பிடிக்கும்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானதும் சாப்பாட்டில் ஏகப்பட்ட தடை வந்தது. பழச்சாறு கூடவே கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார் டாக்டர். சக்கையை இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் கட்டிச் சொட்டு இல்லாமல் பிழிந்து சுட்டால், நாளைக்கு ஒரு மஃபின் சாப்பிடலாம் என்று அனுமதி கொடுத்தார். அவன் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட ஒரே பண்டம் அதுதான். சுடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பிறகு எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். என் சிறுநீரகம்தான் அவனுக்குப் பொருந்தியது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக என்னிடம் வந்து சொன்னாள். "எம் பொண்ணு தங்கம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டா." நான் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்பது எங்கள் வீட்டில் சட்டம். ஆஸ்பத்திரியில் தனி அறைக்குக் கூப்பிட்டு, உண்மையிலேயே சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டார்கள். கதவுக்கு அடியில் அம்மாவின் செருப்பு தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். என் இடுப்பைத்தான் பார்ப்பாள். நான் படியிறங்கினால், "பாத்து இறங்குடி" என்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படிச் சொன்னதே இல்லை. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் அந்த அக்கறை யாருக்கானது என்று உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது, ஐயா. அதைப் பாத்திரம் தேய்ப்பதில் காட்டினேன்.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு நாள் தம்பி, "அக்கா, இது தொண்டையில அடைக்குது. கொஞ்சம் ஈரமா செய்யேன்" என்றான். கேட்டதைச் செய்தேன். சக்கையை அலசுவதை நிறுத்தினேன். தண்ணீருக்குப் பதிலாக, கடையிலிருந்து கொண்டுவந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சி மாவில் ஊற்றினேன். பஞ்சாக வந்தது. ஒன்று சாப்பிட வேண்டியவன் மூன்று சாப்பிட்டான். அக்கா கைப்பக்குவமே தனி என்றான். அவன் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அளவு ஏறிக்கொண்டே போனது. டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். தம்பி மனைவிக்கு மட்டும் என் மேல் ஒரு கண். காரணமே இல்லாமல் சமையலறைக்கு வந்து நிற்பாள். ஒரு நாள் மஃபினைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். விரலில் ஈரம் ஒட்டியது.

"அண்ணி, சொட்டு இல்லாம பிழிஞ்ச சக்கையில இவ்வளவு ஈரம் எப்படி வருது?"

"ஓவன்ல ஒரு கிண்ணம் தண்ணி வைக்கிறேன்மா. அதான்."

"அப்ப நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். எனக்கென்ன, என் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருந்தன. நான் விழுங்கி முடிக்கும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் தம்பியிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது. "அக்காவையா சந்தேகப்படுற? தன் கிட்னியையே குடுக்கப்போறவளையா?" அதன் பிறகு தினமும் ஒரு மஃபினைக் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, ஃபிரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். நான் பார்த்தேன். எடுத்து எறிந்திருக்கலாம். சாப்பாட்டுப் பொருளை எறிகிற பழக்கம் எனக்கில்லை. நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பிய ஒன்பதும் அவைதான்.

பத்தாவதை அவள் சுற்றிவைப்பதற்குள் தம்பி போய்விட்டான். ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தது. காலையில் மேசை முன்னால் உட்கார்ந்து மஃபினைப் பிட்டுக்கொண்டிருந்தவன், அப்படியே தலை சாய்ந்தான். நான் அவன் கையைத் துடைத்துவிட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் குறுகுறுக்கவில்லை. சாறு என்ன செய்யும் என்று தெரிந்துதான் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் தெரிந்தே ஊற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அம்மா இங்கே வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

எப்படிச் சொல்வது, ஐயா? கூடப் பிறந்தவன் மனசு நோகாதா?