மூன்றாம் நாள் சாறு

திராட்சைச் சாறு பிழிந்த மூன்றாம் நாளில்தான் நல்ல ருசி. முதல் நாள் வெறும் இனிப்பு. ஒரு வாரம் போனால் புளிப்பும் காட்டமும் ஏறிவிடும். மூன்றாம் நாள் மட்டும் இனிப்பு குறையாமல், நாக்கில் லேசான குறுகுறுப்போடு இருக்கும். தொட்டியடியில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் இது தெரியும். கடைக்கு வராது. அந்த மூன்று நாளுக்குள்ளேயே அதில் பீர் அளவுக்குப் போதை ஏறியிருக்கும்.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது சனாயேக்காக. எங்கள் ஒயின் ஆலையில், ருசி பார்க்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவள் அவள். வண்டி ஓட்டுகிறவருக்கு மது கொடுத்ததாக அவளை மூன்று முறை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். அவள் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். மற்றவர் தலையில் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஹோசாகா, மிசாவா, கொய்கே, நான். நால்வரும் இருபத்திரண்டு வருடம் ஒரே குழுவில் சுரங்கப்பாதைக்காக மலையைக் குடைந்தவர்கள். ஒரு பாறை இடுப்பில் விழுந்ததும் நான் சுரங்க வேலையை விட்டுக் கத்சுநுமாவுக்கு, இந்த ஆலைக்கு வந்தேன். ஒவ்வொரு அக்டோபரிலும் மற்ற மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவார்கள். பெயருக்குத்தான் ருசி பார்ப்பது. வெளியூர்க்காரர்கள் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி மோந்துகொண்டிருப்பார்கள். நாங்கள் உள்ளூர் வழக்கப்படி பெரிய பாட்டிலைத் தரையில் வைத்துத் தேநீர்க் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்போம்.

குடியில் ஹோசாகாதான் முதல், அடுத்தது நான். மூன்று வருடத்துக்கு முன் அவனுக்கு ஈரல் கெட்டது. கோஃபு நகரத்தில், குடியை விட்டவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தான். ஒரு சொட்டுக் குடித்தாலும் பேத்தியைப் பார்க்க வரக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அவன் குடிக்கவில்லை. சுரங்கத்தில் தூண் நட்டமாதிரி நின்றுவிட்டான். நான் அதைப் பாராட்டத்தான் செய்தேன்.

அதிலிருந்து வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். ஓட்டுகிறவர் கழுத்தில் ஆலையில் ஓர் அட்டை மாட்டுவோம். அட்டை போட்டவருக்கு யாரும் ஒயின் ஊற்றமாட்டார்கள், சாறுதான். அவர் கையில் இருப்பது சாறு என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. அட்டை போட்டவருக்கும் வராது.

இரண்டு வருடம் அப்படியே வந்துபோனான். நாலு மணி ஆனதும் எழுந்துவிடுவான். பேத்தியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். பல் மருத்துவரிடம் விடைபெறுகிறமாதிரி என்னிடம் தலையை ஆட்டிவிட்டுப் போவான். இருபத்திரண்டு வருடம் என்னோடு ஒரே பாயில் கிடந்தவன்.

இந்த வருடம் அவர்கள் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மூன்று நாள் முன்னால் பிழிந்த சாறு எது என்று பார்த்து வைத்தேன். நாலாம் தொட்டி. காலையிலேயே ஒரு கூஜா எடுத்து நுரையைத் துணியில் வடிகட்டினேன். கிளறிக்கொண்டே இருந்தால் குமிழி அடங்கிவிடும். அரை மணி நேரம் கிளறினேன். பிறகு பனிக்கட்டி போட்டேன். சில்லென்று இருந்தால் காட்டம் தெரியாது.

மதியம் வந்தார்கள். சனாயே அட்டையை எடுத்ததும் கொய்கே ஆரம்பித்தான்.

"மாட்டுக்கு மணி கட்டும்மா, இல்லேன்னா கொல்லைக்குள்ள புகுந்துடும்."

"இந்த மாடு இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் வாய்க்கால்லதான்டா படுத்துக் கெடக்கணும்" என்றான் ஹோசாகா.

கூஜா என் கையிலேயே இருந்தது. இரண்டு கிண்ணம் மடமடவென்று குடித்தான். மூன்றாவதை முடித்துவிட்டு, இந்த வருடம் சாறு பிரமாதமாக இருக்கிறதே என்றான். மழை குறைவு என்றேன். அது உண்மைதான். ஐந்தாவது கிண்ணத்தைப் பாதியில் நிறுத்தி உள்ளே பார்த்தான்.

"அமெமியா, இது வெறும் சாறுதானே?"

"கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டுக் கேக்குற கேள்வியாடா இது?"

அவன் சிரித்துவிட்டான். மேலும் இரண்டு குடித்தான். அன்றைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஐந்து வரை இருந்தான். சுரங்கத்தில் பாடுகிற ஒரு கெட்ட பாட்டை முழுதாகப் பாடினான். மிசாவாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

மலைச்சரிவின் இரண்டாவது வளைவில் வண்டி கல்சுவரில் மோதியது உங்களுக்குத் தெரியும். மிசாவாவின் தோள் எலும்பு போனதற்கு நான் வருத்தப்படுகிறேன். அவன் முன்சீட்டில் உட்காருவான் என்று நினைக்கவில்லை.

ஹோசாகாவை ஊதச் சொன்னீர்கள், கருவி காட்டிக்கொடுத்தது. சாறுதான் குடித்தேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பழைய குடிகாரன் வேறென்ன சொல்வான்? ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மகள் சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"குடிச்சதுகூடப் போகட்டும்ப்பா. பொய் சொல்லாதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லேன்டா."

"நான் குடுத்தது சாறுதாம்மா" என்றேன். "அவன் வேற எதையாவது எடுத்தானான்னு நான் கவனிக்கல."

அவள் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் குடிக்கவில்லைதானே என்று ஹோசாகா தன்னையே கேட்டுக்கொள்கிறமாதிரி உட்கார்ந்திருந்தான்.

நாலு நாள் பொறுத்து, ஒரு காலை பத்து மணிக்கு, அவன் தனியாக இருக்கிற வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. ஒரு பெரிய பாட்டிலும் இரண்டு கிண்ணமும் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் அவன் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"இனிமே நீ குடிக்கலேன்னா மட்டும் யாருடா நம்பப் போறா?"

கிண்ணத்தை எடுத்தான். மலையின் இரண்டு பக்கத்துத் துளையும் சந்தித்த நாளைப் பற்றிப் பேசினோம். கொய்கே சேற்றில் விழுந்தது, பழைய மேஸ்திரியின் பொய்ப்பல், எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. இந்த மூன்று வருடத்தில் எனக்கு அப்படியொரு நல்ல நாள் இல்லை.

இரண்டு மணிக்கு மல்லாந்து படுத்தான். கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தது. தொண்டையில் கொடகொடவென்று சத்தம் கேட்டது. அப்படி ஆனால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வருடா வருடம் சுரங்கத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள், எனக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியும் பக்கத்தில்தான் இருந்தது. கூப்பிட்டால் வந்திருப்பார்கள், பிழைக்க வைத்திருப்பார்கள். அப்புறம் மறுபடியும் அந்தச் சங்கத்தில் சேர்த்து அவனை என்னிடமிருந்து பிரித்திருப்பார்கள்.

அவன் தனியாகக் குடித்துச் செத்தான் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். நான் கூட இருந்தேன். நான் குடித்த கிண்ணம் ஆலைக்குச் சொந்தமானது, அதனால் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சத்தம் நிற்க இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் வரவில்லை. மிசாவா வரவில்லை, கொய்கே வரவில்லை, சங்கத்திலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசிவரை அவனைக் கைவிடாமல் இருந்தது நான் ஒருவன்தான்.