மூக்கில்லாத தேரோட்டி

என் மைத்துனன் சுகுமாறன் தங்கமான பையன். நாற்பத்து நான்கு வயதில் என்ன பையன் என்று கேட்காதீர்கள், இன்ஸ்பெக்டர். அவனோடு ஒரு மணி நேரம் இருந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

பிரச்சினையெல்லாம் அந்தச் சுடுமண் பலகையால் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே மாட்டியிருந்தேன். இரண்டாயிரம் வருஷத்து ரோமானியப் புடைப்புச் சிற்பம். நான்கு குதிரைகள் பாய்கின்றன. பின்னால் தேரோட்டி சாட்டையை ஓங்கி நிற்கிறான். மூக்கு மட்டும் போய்விட்டது. கிள்ளான் துறைமுகத்துக்கு அது எப்படி வந்தது என்பது வேறு கேஸ். அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. தினமும் அந்தத் தேரோட்டி முகத்தில்தான் விழிப்பேன்.

சுகுமாறனுக்கு அது சூரிய பகவான்.

"உடைஞ்ச சாமிய வீட்டுல வைக்கக் கூடாது அத்தான். அக்காவுக்கு முட்டி வலி அதனாலதான்லா."

"அது சாமி இல்லடா, ரேஸ் ஓட்டுறவன். சூரியனுக்கு ஏழு குதிரை. இதுல நாலுதான் இருக்கு, எண்ணிப் பாரு."

"மிச்சம் மூணும் உடைஞ்சிருக்கும்."

இந்த மூளையோடு என்ன வாதாடுவது?

போன வெள்ளிக்கிழமை நான் என் மனைவி புனிதாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தபோது, அவன் பலகையை மஞ்சள் துணியில் சுற்றிக் காப்பார் கடற்கரைக்குக் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, சூடம் காட்டிக் கடலில் போட்டுவிட்டான். உடனே போன் வேறு.

"கரைச்சாச்சு அத்தான். இனிமே அக்கா ஓடுவாங்க பாருங்க."

நான் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சம்பான் படகு எடுத்து, இடத்தைக் காட்டச் சொன்னேன். நீர் வற்றிய நேரம். கடல் எப்போது ஏறும் என்று முந்தின நாளே கைப்பேசியில் பார்த்து வைத்திருந்தேன். அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. சேற்றில் அவனாகத்தான் இறங்கினான். தொடை வரை புதைந்து, துழாவித் துழாவி, கடைசியில் எடுத்தேவிட்டான். முகமெல்லாம் சேறு, ஒரே சிரிப்பு. பலகையை என்னிடம் நீட்டினான்.

"அத்தான், கை குடுங்க. கால் வர மாட்டேங்குது."

எனக்கு இருப்பது இரண்டு கை, சார். இரண்டிலும் பலகை. தேரோட்டியின் கண்ணில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தேன். பிறகு குதிரைகளை, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். சுகுமாறன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோதும் மரியாதை குறையவில்லை. அத்தான், அத்தான் என்றுதான். நான்காவது குதிரையை முடித்தபோது சத்தம் நின்றிருந்தது.

பலகையைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் படகின் தரை ஈரமாக இருந்தது.