குடிச்ச தண்ணியும் குளிச்ச தண்ணியும்

நர்கீஸ்: கதவத் தெறங்க. ஃபினாயில ஊத்தி ஊத்தி அப்பிடி என்னத்தக் கழுவுறீங்க?

ஆசாத்: வாரேன்... வாரேன். பாத்ரூமத்தானே கழுவுறேன்? புருஷன் கழுவுனா அதுவும் குத்தமா?

நர்கீஸ்: நிக்காஹ் ஆன நாள்லேருந்து சாப்ட்ட தட்டக் கழுவாத மனுஷன் நீங்க. நேத்து ஒங்களுக்குப் பெறகு நா உள்ள போனேன். பாத்தேன்.

ஆசாத்: என்னத்தப் பாத்த?

நர்கீஸ்: ரத்தம்.

ஆசாத்: அது... கல்லும்மா. கிட்னில கல்லு. அன்னிக்கே சொன்னேன்ல?

நர்கீஸ்: சொன்னீங்க. நம்பித்தானே வாழைத்தண்டு வெஞ்சனமா ஆக்கிப் போட்டேன்? நாரெடுத்து நாரெடுத்து வெரலு கறுத்துப்போச்சு. கல்லுக்குத் திங்கிற மாத்திரைய எதுக்குத் தலகாணி உறைக்குள்ள ஒளிக்கணும்?

ஆசாத்: ஏ, மெதுவா பேசு. அம்மா லுஹர் தொழுதுக்கிட்டு இருக்கு.

நர்கீஸ்: தொழுகட்டும். போர்க்குழாய் போடுற ரிக் வண்டிக்குச் சாமான் வாங்க மதுரைக்குப் போறேன்னு போனது டாக்டர்ட்டயா?

ஆசாத்: ...ஆமா.

நர்கீஸ்: என்ன சொன்னாரு?

ஆசாத்: பூச்சியாம்.

நர்கீஸ்: பூச்சியா! சின்னப் புள்ளைக்குல்ல வரும்?

ஆசாத்: சிரிக்காத. இது வயித்துப்பூச்சி இல்ல. ரத்தக் குழாய்க்குள்ளயே குடியிருக்குமாம். நாம ஆப்பிரிக்கால, அந்த மலாவி நாட்டுல இருந்தப்ப நம்ம கேம்ப்பு ஏரிக்கரைலதானே? அந்தத் தண்ணில நத்தை கெடக்கும்ல... அதுலேருந்து வருதாம். நம்ம பக்கம் இல்லாத சீக்கு. அதான் திண்டுக்கல்ல பாத்த டாக்டரெல்லாம் கல்லு கல்லுன்னே மருந்து குடுத்துருக்காங்க.

நர்கீஸ்: அந்தத் தண்ணிய நாம எங்க குடிச்சோம்? சாயாவுக்குக்கூட கேன் தண்ணிதான் வேணும்னு அந்த ஆட்டம் ஆடுனீங்க!

ஆசாத்: நானும் அதத்தான் கேட்டேன். குடிக்கவே வேணாமாம். எறங்கி நின்னாலே போதுமாம். தோல் வழியா உள்ள போயிருமாம்.

நர்கீஸ்: யா அல்லா... அப்ப வெள்ளிக்கிழமை...

ஆசாத்: ம். ஜும்மாக் குளிப்பெல்லாம் அங்கதானே? முழங்கால் தண்ணில நின்னுதானே தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சோம்? அம்மாம் பெரிய தண்ணி, அதவிட சுத்தம் எதுன்னு இருந்துட்டேன்.

நர்கீஸ்: ஊருக்கு நல்ல தண்ணி குடுக்கப் போறேன்னு போர் போடப் போன ஆளு! நீங்க போயி ஏரில முங்குனீங்க.

ஆசாத்: கேம்ப்புல நமக்குன்னு ஒரு போர்க்குழாயா இருந்துச்சு? விடும்மா...

நர்கீஸ்: எத விட? அந்த ஊரு ஹெல்த்துக்காரப் பொம்பளை ஞாபகம் இருக்கா? பிள்ளைகள அளவுக்குச்சிகிட்ட நிப்பாட்டி, ஒசரத்துக்குத் தக்கன மாத்திரை குடுத்தாளே. நம்ம வாசலுக்கும் வந்தாளே!

ஆசாத்: அது அவங்க சீக்கு, நமக்கெதுக்குன்னு...

நர்கீஸ்: நா கைய நீட்டிட்டேன்! நீங்கதான் தட்டி விட்டீங்க. 'நாங்க கேன் தண்ணி குடிக்கிற ஆளுக'ன்னு பெருமை பீத்துனீங்க. அங்க நண்டும் சிண்டும் வரிசைல நின்னு முழுங்கி, அந்தச் சீக்கையே ஊர விட்டு வெரட்டப் பாக்குதுக. நமக்கு என்ன கொம்பா மொளைச்சிருந்துச்சு?

ஆசாத்: சரி, தப்புதான். அதான் மாத்திரை வந்துருச்சுல்ல? ஒரே நாள்ல முழுங்குனா பூச்சி செத்துருமாம். பெறகு ஒருக்க டெஸ்ட் பாக்கணும். அம்புட்டுதான்.

நர்கீஸ்: இருங்க. அங்க ஒங்க கூட யாரு இருந்தான்னு டாக்டர் கேக்கலையா?

ஆசாத்: அந்தத் தலகாணியக் கொண்டா, மாத்திரைய இப்பவே முழுங்கிர்றேன்.

நர்கீஸ்: கேக்குறேன்ல?

ஆசாத்: கேட்டாரு. கூட வேலை பாத்த பயலுகளச் சொன்னேன். அவனுகளையும் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு.

நர்கீஸ்: பொண்டாட்டிய?

ஆசாத்: ...அவ ஊர்லயே இருந்துட்டான்னு சொல்லிட்டேன்.

நர்கீஸ்: என்னது?

ஆசாத்: கோவிக்காத. பொம்பளைகளுக்குன்னா கர்ப்பப்பை வரைக்கும் போயிருமாம். பிள்ளை தங்குறதே சந்தேகமாம். பிள்ளை இல்லன்னு அம்மா ஒன்னைய இத்தன வருஷமா என்னென்னமோ பேசுது. காரணம் நாந்தான்னு ஆயிட்டா... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நா...

நர்கீஸ்: எனக்கும் ரத்தம் படுதுங்க. அங்கேருந்து வந்த நாள்லேருந்து படுது. லேடி டாக்டர்ட்ட போனேன். 'ஒங்க வீட்டுக்காரருக்கு வெளிப்பழக்கம் இருக்கா'ன்னு கேட்டாங்க. நீங்கதான் எவகிட்டயோ போயி வாங்கியாந்துட்டீங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். வெளிய சொன்னா ஒங்க மானம் போயிருமேன்னு, ஒங்கம்மா மலடின்னு சொன்னப்பகூட வாயத் தெறக்கல. ஒங்க மானத்த நா காப்பாத்துனேன்... நீங்களும் ஒங்க மானத்தத்தான் காப்பாத்திருக்கீங்க! எந்திரிங்க. தொழுதுட்டு வரட்டும், மொதல்ல ஒங்கம்மாகிட்டச் சொல்லுங்க. அப்பறம் அந்த டாக்டர்ட்டச் சொல்லுங்க... அந்த ஏரில இடுப்பளவு தண்ணில நின்னு ஒங்க யூனிபார்மத் தொவச்சது யாருன்னு.