மாமனாரின் இருமல்

— உள்ள வராதீங்க கனேமிட்சு ஐயா. மாமாவுக்கு இப்பத்தான் கண்ணு அசந்திருக்கு.

— வரல தொராமே. இப்படி வாசப்படியிலயே உக்காந்துக்கறேன். உங்கிட்ட ஒரு விஷயம்...

— தெரியும். எல்லாரும் அந்த ஒரே விஷயத்துக்குத்தான் வர்றாங்க. கிழவர் உயிரோட இருக்காரான்னு பாக்க. நேத்து பூசாரியோட ஆள் வந்தான். அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரி, முள்ளங்கி கேக்கற சாக்குல. வீட்டுல சாவு விழுந்தா, கோயில்ல அடைஞ்சு கிடக்கறவன் திருடன்னு சாமி சொல்லிடுச்சுன்னு அர்த்தம். அதானே? நல்ல சாமி!

— மெதுவாப் பேசு.

— ஏன், சாமிக்குக் காது கேக்குமா? கேட்டிருந்தா என் புருஷன் சத்தியம் பண்ணினப்பவே கேட்டிருக்கும். கோயில் களஞ்சியத்துல இருந்த சாமி கண்ணாடியை நான் எடுக்கலன்னு எழுத வெச்சு, அதை எரிச்சு, அந்தச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு மடக்குமடக்குனு குடிச்சாரே. சத்தியம் பொய்யின்னா ஏழு நாளுக்குள்ள சாமி அடையாளம் காட்டும்னாங்க. மூக்குல ரத்தம் வந்துச்சா? வரல. எலி துணியைக் கடிச்சுச்சா? கடிக்கல. காக்கா தலையில எச்சம் போட்டுச்சா? காக்காவுக்குக்கூட என் புருஷன் மேல சந்தேகம் இல்ல ஐயா. இன்னைக்குப் பொழுது சாஞ்சா ஏழு நாள் முடியுது. வீட்டுக்கு வந்துடுவாரு.

— அது வந்து, தொராமே...

— அது வந்து, அது வந்து! நீங்க ஒரு பேச்சை ஒழுங்கா முடிச்சு நான் கேட்டதே இல்ல. எப்படித்தான் திருடனுங்க உங்ககிட்ட மாட்டிக்கறாங்களோ. தண்ணி வேணுமா?

— குடு.

— இந்தாங்க. என்ன, ஒரே மூச்சுல குடிச்சுட்டீங்க?

— வெயில்ல வேகமா நடந்து வந்தேன். பெரியவருக்கு எப்படி இருக்கு?

— கேக்கலையா? இப்பக்கூட இருமினாரே.

— கேட்டுச்சு. நீ தண்ணி மொண்டுக்கக் குனிஞ்சப்போ கேட்டுச்சு.

— ஆமா.

— நீ நிமிர்ந்ததும் நின்னுபோச்சு.

— வயசானவங்க இருமல். வரும், நிக்கும்.

— இந்த வெக்கையில கழுத்துவரைக்கும் போத்தி விட்டிருக்கே.

— குளிருதுன்னாரு.

— எப்போ சொன்னாரு?

— இதென்ன விசாரணையா? உங்க சாமர்த்தியத்தைத் திருடன்கிட்டப் போய்க் காட்டுங்க. மாமா, யாரு வந்திருக்காங்க பாருங்க. எசமானோட விசாரணைக்காரரு. பாத்தீங்களா, தலையை ஆட்டறாரு.

— ஆட்டல.

— ஆட்டினாரு.

— தொராமே, அவரு மூக்குல ஒரு ஈ உக்காந்திருக்கு. நான் வந்ததுலருந்து அங்கயேதான் இருக்கு.

— ஈதானே. ஓட்டிடறேன்.

— எப்போ?

— என்ன எப்போ?

— எப்போ போனாருன்னு கேக்கறேன்.

— நேத்து. விடியறப்போ. தினைக்கஞ்சி வெச்சு எழுப்பினேன். எழுந்துக்கல.

— நேத்துலருந்து நீதான் இருமறியா?

— பின்ன? அவரு இருமலைக் கேட்டுத்தான் இந்தத் தெருவே தூங்கும், எந்திரிக்கும். அது நின்னா அடுத்த நிமிஷம் வாசல்ல கூட்டம் கூடிடும். ஆரம்பத்துல எனக்கு சரியா வரல. அவரோடது அடியிலருந்து கிளம்பும், முடிவுல ஒரு விசில் சத்தம் வரும். அந்த விசில்தான் வரமாட்டேங்குது. தொண்டை ரணமாயிடுச்சு.

— நேத்து பூசாரியோட ஆளை எப்படிச் சமாளிச்சே?

— மாமா கால் கழுவிட்டிருக்கேன், துணியில்லாம கிடக்கறாருன்னு உள்ளருந்து கத்தினேன். ஓடிட்டான். செத்துப்போன மனுஷனை வெச்சு இப்படியெல்லாம் பேச வேண்டியிருக்கு. அவரு இருந்தா சிரிச்சிருப்பாரு. ஐயா, உங்க கால்ல விழறேன்...

— எந்திரி. எந்திரி தொராமே.

— நீங்க வாயைத் திறந்தா என் புருஷனை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் வெட்டிடுவாங்க. வீட்டைக் கொளுத்துவாங்க. பொழுது சாயற வரைக்கும்தான் கேக்கறேன். அதுக்கப்புறம் மாமா இப்பத்தான் போனாருன்னு சொல்லிடுவேன். இன்னும் நான் அழக்கூட இல்ல. அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். உனக்கு அழணும்னா அழு.

— இப்ப வேண்டாம். பொழுது சாயட்டும். அவரும் வந்துடட்டும். ரெண்டு பேருமா உக்காந்து அழுதுக்கறோம். நீங்க ஏன் இவ்வளவு நல்லவரா இருக்கீங்க? அவருதான் திருடன்னு கட்டி இழுத்துட்டுப் போனதே நீங்கதானே.

— செருப்பு கிடைச்சுதே. கோயில் களஞ்சியத்துக்கு வெளியில, சேத்துல. உன் புருஷன் பின்னின வைக்கோல் செருப்புன்னு ஊரே சொல்லுச்சு. நானும் நம்பினேன்.

— அவரு பின்னினதுதான். யாரு இல்லன்னா? ஊருல பாதிப் பேரு கால்ல அவரு பின்னினதுதான் கிடக்கு.

— அது மட்டும் இல்ல. நேத்து ராத்திரி மழை பேஞ்சுதே, அப்போ என் செருப்பை வெளியில விட்டுட்டேன். காலையில எடுத்தா, வைக்கோல் நல்லா ஊறி, ஈரத்துணி மாதிரி கனக்குது. அப்பத்தான் உறைச்சுது. கண்ணாடி திருடுபோன ராத்திரியும் நல்ல மழை. ஆனா மறுநாள் என் கைக்கு வந்த செருப்பு லேசா இருந்துச்சு. அடியில மட்டும் சேறு. உள்பக்கம் காஞ்சு கிடந்துச்சு.

— அப்படின்னா?

— திருடன் ஓடறப்போ விட்டுட்டுப் போனதில்ல. மழை விட்டதுக்கப்புறம் யாரோ கொண்டுவந்து வெச்சது. விடியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் நடமாடறது களஞ்சியக் காவல்காரன் ஒருத்தன்தான். தோக்குஜு. பூட்டும் உடையல, சாவியும் அவன்கிட்டத்தான். செருப்பை எடுத்துட்டு வந்து என்கிட்டக் குடுத்ததும் அவன்தான்.

— மாமா! கேட்டீங்களா மாமா? உங்க புள்ளை எடுக்கலையாம்! விசாரணைக்காரரே சொல்றாரு!

— மெதுவா, தொராமே.

— எதுக்கு மெதுவா? அவரை வெளியில விடச்சொல்லுங்க. இப்பவே!

— விடிஞ்சதும் எசமான்கிட்டப் போய்ச் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டாரு. நீ சொல்றது சரியாத்தான் படுது கனேமிட்சு, ஆனா சாமிகிட்டக் கேட்டாச்சு, அது பதில் சொல்றதுக்குள்ள மனுஷன் குறுக்க பேசறது மரியாதை இல்லன்னுட்டாரு. தோக்குஜுவை என்ன பண்றதுன்னு அப்புறமாப் பாப்போம்னாரு.

— சரி. சரி, இருக்கட்டும். அதனால என்ன? இதுவரைக்கும் ஓட்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம். அவரும் கோயில்ல பத்திரமா உக்காந்திருக்காரு. நான் இன்னும் நாலு தடவை இருமறேன். என்ன, மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? கண்டுபிடிச்சவரு நீங்க, சந்தோஷமா இருக்க வேண்டாமா?

— ம்.

— அவருகிட்டச் சொன்னீங்களா?

— சொன்னேன். எசமான் வீட்டுலருந்து நேரா கோயிலுக்குத்தான் போனேன். திருடன்னு ஊர் நடுவுல வெச்சு அவனை நான் கட்டினவன். என் வாயாலயே சொல்லணும்னு தோணுச்சு.

— உள்ள விட்டாங்களா?

— விட்டாங்க. பூசாரி பக்கத்துல இருந்தாரு.

— எப்படி இருக்காரு? இளைச்சுட்டாரா? தாடி வளந்திருக்கும்.

— கொஞ்சம் இளைச்சிருக்கான். காலைக்கஞ்சி குடிச்சுட்டிருந்தான்.

— கேட்டுட்டு என்ன சொன்னாரு?

— சிரிச்சான்.

— சிரிச்சாரா! ஐயா, அவரு சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாமப்போயிடும். அப்படிச் சிரிச்சாரா?

— அப்படித்தான் சிரிச்சான். வாய் நிறையக் கஞ்சி இருந்துச்சு. புரை ஏறிடுச்சு.

— பொறுமையாச் சாப்பிடத் தெரியாது அந்த மனுஷனுக்கு. முதுகுல ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்.

— தட்டினேன். சரியாயிடுச்சு.

— பின்ன என்ன?

— சாப்பிடறப்போ புரை ஏறினா அதுவும் சாமி காட்டற அடையாளம்தான்னு சொல்லி பூசாரி எழுந்துட்டாரு, தொராமே. அவனை ஏரிக்கரையில முடிச்சுட்டாங்க, பந்தத்தோட இங்க வந்துட்டிருக்காங்க, பெரியவரை நான் தூக்கிக்கறேன், நீ முன்னாடி இறங்கு.