இருநூறு தலை

— கதவைச் சாத்தாதேடா. வெளியில இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

— சாத்தினாதான் அக்கா பேச முடியும். அதாவது, ரெண்டே நிமிஷம். உட்காரு.

— உட்கார எனக்கு நேரமில்லை. டீ இடைவேளை முடிஞ்சதும் முதல் பேச்சே என்னோடதுதான். உன் மாமாவை முன்வரிசையில தனியா விட்டுட்டு வந்திருக்கேன். அந்தச் சக்கர நாற்காலிக்கு பிரேக் வேற சரியாப் பிடிக்கலை.

— மாமா பக்கத்துல ஆள் இருக்காங்க, பார்த்துட்டுதான் உன்னைக் கூப்பிட்டேன். அக்கா, நீ இன்னைக்குப் பேசாதே.

— என்னது?

— பேசாதே. உங்க தெரு ஆளுங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடு. இப்பவே.

— இந்தா பாரு, இதைச் சொல்லத்தான் பைல் ரூமுக்குள்ள கூட்டிட்டு வந்தியா?

— அதாவது...

— அதாவதும் கிடையாது, இதாவதும் கிடையாது. யாரு சொல்லி அனுப்பினா? தலைவரா? நகராட்சியில எழுத்தர் வேலைன்னா தலைவருக்குத் தூது போறதும் சேர்த்தா?

— யாரும் அனுப்பலை அக்கா. மெதுவாப் பேசு, சுவர் மெல்லிசு.

— அப்போ நீயா சொல்றே? நீயா! வாரத்துல மூணு நாள் உன் மாமாவை டயாலிசிஸுக்கு யாரு தள்ளிக்கிட்டுப் போறா? அந்தக் கால்வாய்ப் பாலத்துல ஏறினா பன்னிரண்டாவது நிமிஷம் ஆஸ்பத்திரி வாசல். அதை இடிச்சுட்டு லாரி ரோட்டை அகலப்படுத்தினா, சுத்திக்கிட்டு நாலு கிலோமீட்டர் போகணும். லாரிக்கு நடுவுல சக்கர நாற்காலியை எங்கேடா தள்றது? தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டா?

— எனக்குத் தெரியாததா அக்கா?

— தெரிஞ்சுதான் சொல்றியா? அப்போ எனக்கும் ஒண்ணு தெரியுது. அடுத்த மாசம் உனக்கு வேலை நிரந்தரம் ஆகுதுன்னு சொன்னியே. அக்காவை வாயை மூட வெச்சா உடனே ஆர்டர் தர்றேன்னாரா?

— அப்படியெல்லாம் பேசாதே.

— நீ படிச்ச படிப்பு முழுக்க நான் தைச்ச பள்ளிக்கூட யூனிபார்ம்டா. காலர் தைச்சுத் தைச்சுக் கண்ணு போச்சு. நீ இவ்வளவு மலிவா விலை போவேன்னு தெரிஞ்சிருந்தா, பொத்தான் தைக்கிறதோட நிறுத்தியிருப்பேன்.

— சொல்லு. என்ன வேணாலும் சொல்லு. ஆனா கிளம்பிடு... இதோ வர்றேன்னு சொல்லுங்க அண்ணே! பைல் தேடிக்கிட்டிருக்கேன்! பியூன்தான் அக்கா தட்டுறாரு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

— அந்த அஞ்சு நிமிஷத்துல நான் இன்னொரு தடவை பேப்பரைப் படிச்சுக்கிறேன். வழியை விடு.

— விட மாட்டேன். சரி, நேராவே சொல்லிடறேன். நான் சொன்னேன்னு தெரிஞ்சா நாளைக்கு எனக்கு இந்த ரூம் கிடையாது. உள்ளே எத்தனை பேர் இருக்காங்க, தெரியுமா?

— நிறைஞ்சு வழியுது. நான் கூட்டின கூட்டம்.

— இருநூத்தி முப்பத்தொண்ணு. அதுல உங்க தெரு மட்டும் நூத்தி எழுபது.

— பார்த்தியா! அதான் தலைவருக்கு வயித்தைக் கலக்குது.

— கலக்கலை அக்கா. சந்தோஷமா இருக்காரு. காலையில எண்ணிக்கையைச் சொன்னதும் என் முதுகுல தட்டிக் கொடுத்தாரு. முதுகு இன்னும் எரியுது.

— எதிர்க்க வந்திருக்கோம், அவருக்கு என்ன சந்தோஷம்?

— கவனமாக் கேளு. பொதுச் சொத்து ஒண்ணை இடிக்கணும்னா மக்கள் கூட்டம் போடணும். ஓட்டு நீங்க போடறதில்லை, உறுப்பினர்கள்தான் போடுவாங்க. பதினோரு பேர்ல ஒன்பது பேர் அவர் பக்கம். ஆனா அவங்க ஓட்டுப் போடும்போது மண்டபத்துல பொதுமக்கள் இருநூறு பேர் இருந்தாகணும். நான் தலை எண்ணிக் கையெழுத்துப் போடணும். இருநூறு இல்லைன்னா கூட்டம் செல்லாது.

— இருநூறுன்னா... எதிர்க்கிறவங்களையும் சேர்த்தா?

— தலைக்கு ஆதரவு எதிர்ப்புன்னு கிடையாது அக்கா. உட்கார்ந்திருந்தா ஒண்ணு.

— போன கூட்டம்?

— முப்பத்தெட்டு பேர். செல்லாமப் போச்சு. ரெண்டாவது கூட்டம் இது. இதுவும் செல்லலைன்னா மூணு வருஷத்துக்கு யாரும் அந்தப் பாலத்துமேல கை வைக்க முடியாது. அதுதான் விதி.

— அப்போ நாங்க வராம இருந்திருந்தா?

— அறுபத்தொரு பேர். எல்லாம் லாரிக் கிடங்கு ஆளுங்க. கொட்டாவி விட்டுட்டுப் போயிருப்பாங்க.

— நாலு வாரம்டா. வீடு வீடா ஏறி இறங்கினேன். மாசமா இருக்கிறவளைக் கூட விடலை, வந்து உட்கார்ந்தாப் போதும்னு இழுத்துட்டு வந்தேன். ரெண்டு வேன் வேற...

— அந்த வேனுக்கு வாடகை கேட்டாங்களா?

— வேண்டாம்னுட்டான். பொதுக் காரியத்துக்கு என்னம்மா வாடகைன்னு... யாரோட வேன் அது?

— கிடங்கு முதலாளியோட மச்சானுது.

— அடப்பாவி! அவனுக்கு நான் ஒரு சட்டை தைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஓசியா!

— அக்கா, மெதுவா.

— இதை ஏன்டா நேத்தே சொல்லலை?

— போன கூட்டத்தை எண்ணினது வேற எழுத்தர். விதிப் புத்தகமே நேத்து சாயங்காலம்தான் என் கைக்கு வந்துச்சு. படிச்சதும் போனை எடுத்தேன். உன் நம்பர் வரைக்கும் போனேன். பயமா இருந்துச்சு அக்கா. வேலை போயிடுமேன்னு பயம். ராத்திரி முழுக்கச் சொல்லலாம் வேண்டாம்னு கிடந்தேன். காலையில நீ மாமாவைத் தள்ளிக்கிட்டு முதல் ஆளா உள்ளே நுழைஞ்சதைப் பார்த்தேன். வெட்கமா போச்சு.

— வெட்கத்தை அப்புறம் படு. நான் பேசுறதைக் கேட்டு நாலு உறுப்பினர் மனசு மாறினா?

— மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல, உன் பேச்சுக்கு ஒரு வரி. 'பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது.' ஏற்கெனவே எழுதி வெச்சாச்சு.

— நான் இன்னும் வாயே திறக்கலையேடா!

— திறந்தாலும் அதே வரிதான் அக்கா.

— நீதானே எண்ணப் போறே? குறைச்சு எண்ணு.

— தலைவரோட வக்கீல் பக்கத்துலயே நின்னு எண்ணுவார். வீடியோ வேற எடுக்கிறாங்க.

— கரண்ட்டை நிறுத்து.

— ஜெனரேட்டர் இருக்கு.

— முப்பத்திரண்டு பேர் போனாப் போதும் இல்லையா? ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி அனுப்பிடறேன். அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்னு ஒருத்தி...

— முப்பத்திரண்டு வீட்டுலயும் பாலா பொங்கும்?

— அப்போ உண்மையைச் சொல்லிடறேன்.

— ஒருத்தர் காதுல சொன்னா நூறு காதுக்குப் போகும், கடைசிக் காது தலைவரோடதா இருக்கும். உடனே கிடங்குல இருந்து இன்னும் ரெண்டு லாரி ஆளை இறக்கிடுவாரு. அந்தப் புத்தகம் இந்த பீரோவுல மட்டும்தான் இருக்கு. யார் சொன்னான்னு யோசிக்கக் கூட வேண்டாம். பரவாயில்லை, சொல்லிடு அக்கா. வேலை போனாப் போகுது.

— வாயை மூடு. வேலை போனா போகுதாம். காரணம் சொல்லாம வெறுமனே கிளம்புங்கன்னா?

— கிளம்புவாங்களா?

— எப்படிக் கிளம்புவாங்க? எழுத்தர் தம்பி ரூமுக்குள்ள போனா, வெளியில வந்து வீட்டுக்குப் போங்கன்றா, விலை போயிட்டான்னு சொல்லுவாங்க. இப்போ நான் உன்னைச் சொன்னேனே, அதே மாதிரி.

— எனக்கும் வழி தெரியலை அக்கா. அதான் உன்கிட்ட வந்தேன்.

— எங்க தெருவுல வேற யாராவது பேச பேர் குடுத்திருக்காங்களா?

— தெருவுக்கு ஒருத்தர்தான். நீ மட்டும்தான்.

— நான் பேசலைன்னா அவங்களுக்கு மைக் கிடையாது?

— கிடையாது.

— சரி. இந்தா, என் பேப்பரைப் பிடி.

— என்ன அக்கா பண்ணப் போறே?

— முதல்ல உன் மூஞ்சியைத் துடை. தேடின பைல் கிடைச்ச ஆளு மாதிரி வெளியில வா. மைக்ல என்னைக் கூப்பிடு. நான் என்ன சொன்னாலும் நீ குறுக்கே வரக்கூடாது. நீ எண்ண வேண்டியதை ஒழுங்கா எண்ணினாப் போதும்.

— அக்கா...

— கதவைத் திறடா.

— ஹலோ, ஹலோ. எல்லாரும் உட்காருங்க, இடைவேளை முடிஞ்சுது. கால்வாய் நடைபாலத்தை இடிக்கிற தீர்மானம் பத்தி, கால்வாய்த் தெரு சார்பா தையல்காரம்மா பேசுவாங்க. மூணு நிமிஷம்.

— மூணு நிமிஷம் வேண்டாம், அரை நிமிஷம் போதும். தலைவர் அய்யாவுக்கு வணக்கம். எங்க தெருக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். கை தட்டாதீங்க, கேளுங்க. நான் எதிர்த்துப் பேசப் போறதில்லை. பாலம் போகட்டும்.

— ஏய் தையல்காரி! என்ன உளர்றே?

— உளறலைங்க. நல்லா யோசிச்சுட்டுதான் சொல்றேன். பின்னாடி யாரு அது, தம்பி ரூம்ல போய் வித்துட்டு வந்துட்டான்னு கத்துறது? கத்திக்கோங்க. இனிமே யாருக்காகவும் நான் பேசுறதா இல்லை.

— அங்கே என்ன பார்வை? இந்தப் பக்கம் திரும்பு. ஆறு வருஷமா அந்தப் பாலத்துமேல போயிட்டு வர்றவன் இங்கே உட்கார்ந்திருக்கேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— பார்த்தே சொல்றேன். ஆறு வருஷமா உங்களைத் தள்ளித் தள்ளி எனக்குக் கை ஓஞ்சு போச்சுங்க. பாலம் இருக்கிற வரைக்கும் தள்ளணும். இல்லைன்னா யாரும் என்னைத் தள்ளச் சொல்ல மாட்டாங்க. அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து போய் உங்க பொழப்பைப் பாருங்க. எனக்காக இங்கே ஒருத்தரும் உட்கார வேண்டாம்.

— அமைதி, அமைதி! நாற்காலியைத் தூக்கி வீசாதீங்க அண்ணே! வாசல்ல நெரிக்காதீங்க, மாசமா இருக்கிற அம்மாவுக்கு வழி விடுங்க... சரிங்க தலைவர் அய்யா. மத்த பேச்சு வேண்டாம், உடனே ஓட்டெடுப்புன்னா போகலாம். அதுக்கு முன்னாடி தலை எண்ணணும் அய்யா, விதி. வக்கீல் சார், நீங்களும் கூடவே எண்ணுங்க... தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி அஞ்சு, தொண்ணூத்தி ஆறு. இல்லைங்க அய்யா, பின்வரிசையையும் சேர்த்துதான். தொண்ணூத்தி ஆறு. இருநூறு இல்லை. அதாவது... கூட்டம் செல்லாது.

— மெதுவாத் தள்ளு. பாலத்து நடுவுல அந்தத் தகடு தூக்கிக்கிட்டு இருக்கும்.

— எனக்குத் தெரியாதா? வந்த நாள்ல இருந்து அது அங்கேதான் இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு மணிக்குத்தானே மெஷின்? நேரம் இருக்கு.

— உன் தம்பி தொண்ணூத்தி ஆறுன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. பையன் குரல் அழுகிற மாதிரி இருந்துச்சு.

— யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. அவனுக்கு ஆர்டர் கைக்கு வர்ற வரைக்குமாவது.

— நான் எங்கே சொல்லப் போறேன்? பக்கத்து வீட்டுக்காரம்மா இப்போ எதிர்ல வந்தாளே, கவனிச்சியா? காறித் துப்பாத குறை.

— கவனிச்சேன். போன வாரம் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பிக் கேப்பா. கேக்கட்டும். பாலம் நிக்குதில்ல? அது போதும் எனக்கு.

— மண்டபமே நம்பிடுச்சு. கொஞ்ச நேரம் நானும்தான் நம்பினேன்.

— நம்பினாத்தானே எழுந்து போவாங்க.

— ஒண்ணு கேக்கவா தையல்காரி? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— கை ஓஞ்சு போச்சுன்னியே. அதை அந்த ரூம்லயே யோசிச்சு வெச்சுக்கிட்டு வந்தியா?

— இல்லைங்க. பாலம் போகட்டும்னு சொல்லணும், அவ்வளவுதான் யோசிச்சேன்.

— அப்புறம் அது?

— வெயில் ஏறிக்கிட்டே போகுது. துண்டைத் தலையில போட்டுக்கோங்க.

— துண்டு கிடக்கட்டும். வண்டியை ஏன் நிறுத்திட்டே?

— அந்த வார்த்தை தானா வந்துருச்சுங்க.